மூன்றாவது பதில்

அந்த நாற்காலி ஆடும். இதில் உட்காருங்கள்.

பெண்ணுக்கா, பையனுக்கா? பெண்ணுக்கா. சரி. டோக்கன் வாங்கிவிட்டீர்களா? உங்களுக்குச் சீக்கிரம் முடிந்துவிடும். எனக்குத்தான் முடியாது. மூன்றாவது தடவையாக வருகிறேன். ஈரோட்டில் கல்யாணத் தகவல் மையத்துக்கா பஞ்சம்? இங்கேதான் பதிய வேண்டும் என்று என் வீட்டுக்காரி ஒற்றைக் காலில் நிற்கிறாள். இங்கே பார்த்துக் கொடுக்கிற வரனில் முறை தப்பாதாம். பையனுக்கு முப்பத்தாறு வயது. பெயரைப் பதிந்துவிட்டால் போதும், தையில் மாலை மாற்றிவிடலாம் என்று அவள் கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள்.

பதிய விட்டால்தானே?

அந்தக் கவுண்டரில் இருக்கும் கம்ப்யூட்டர் என்னைத் திருப்பி அனுப்புகிறது. என்னை. கண்ணாடி அறைக்குள் பாருங்கள். மஞ்சள் சேலை. காதில் போன், கையால் இன்னொருவனை விரட்டிக்கொண்டிருக்கிறாள். அவள்தான் முதலாளி. கோகிலவாணி. என்னிடம் படித்தவள். பழி வாங்குகிறாள்.

சிரிக்காதீர்கள். கேளுங்கள்.

புரோலாக் என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா? கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். யாரும் கேள்விப்பட்டதில்லை. கம்ப்யூட்டருக்கான மொழி. மற்ற மொழிகளில் கூலிக்காரனுக்குச் சொல்வதுபோல் சொல்ல வேண்டும். இதை எடு, அங்கே வை, பத்துத் தடவை சுற்று. மண்டையில்லாத வேலை. இதில் அப்படி இல்லை. உண்மைகளைச் சொன்னால் போதும். விதிகளைச் சொன்னால் போதும். பிறகு கேள்வி கேட்கலாம். வழியை அதுவே தேடிக்கொள்ளும். இவன் அவனுக்கு மகன், இவள் அவனுக்குத் தங்கை என்று கொடுத்துவிட்டு, அத்தை யார் என்று கேட்டால் சொல்லும். நீங்கள் அத்தையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டீர்கள். அது சொல்லும்.

பதில் இரண்டே இரண்டு. ஆம். இல்லை. தெரியாது என்ற பேச்சே கிடையாது. அதற்குச் சொல்லப்படாத ஒன்றைக் கேட்டால் 'இல்லை' என்று சொல்லிவிடும். வழவழா கொழகொழா கிடையாது. எனக்கு அந்த மொழி பிடித்ததே அதனால்தான்.

நீங்கள் என்ன செய்கிறீர்கள்? மஞ்சள் மண்டியா? அப்படியென்றால் உங்களுக்குப் புரியும். தரகரிடம் ஒரு சரக்கு இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். உண்டு என்பான், இல்லை என்பான். தெரியாது என்றா சொல்வான்?

விசாரித்துச் சொல்கிறேன் என்பானா? உங்களை யார் கேட்டது.

சரி. நான் ஓர் இன்ஜினியரிங் கல்லூரியில் பேராசிரியர். பெயர் வேண்டாம், டவுன் பஸ் முதுகில் பார்த்திருப்பீர்கள். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும் வரை புரோலாக் எடுத்தேன். ஆரம்பத்தில் மரியாதை இருந்தது. ஜப்பான்காரன் அதை நம்பி அரசாங்கப் பணத்தைக் கொட்டினான். உலகமே இனி இதில்தான் பேசும் என்றார்கள். பிறகு ஜப்பான்காரன் கையைக் கழுவினான். உலகம் ஜாவா பக்கம் போயிற்று, பைத்தான் பக்கம் போயிற்று. போகட்டும். ஆட்டு மந்தையில் ஒன்று குழியில் விழுந்தால் எல்லாம் விழும். அதற்காக நானும் விழ வேண்டுமா?

கட்டாயப் பாடமாக இருந்ததை விருப்பப் பாடம் ஆக்கினார்கள். விருப்பப் பாடம் என்றால் என்ன அர்த்தம் தெரியுமா? யாரும் விரும்பாத பாடம். வேறு பாடங்களில் இடம் தீர்ந்தபின் மிச்சம் விழுந்ததுகள் என் வகுப்புக்கு வரும். அதிலும் பாதிப் பேர் வந்தது எனக்காக இல்லை. என் லேபில் ஏ.சி. நன்றாக வேலை செய்யும், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கலாம். முதல் நாளே ஒருவன் எழுந்து கேட்பான். ஒவ்வொரு வருஷமும் ஒருவன். "சார், இதுக்குப் பிளேஸ்மென்ட் இருக்குதுங்களா?"

நான் ஒரே பதில்தான் வைத்திருந்தேன். "உன் அப்பாவுக்குப் பிளேஸ்மென்ட் இருக்கிறதா என்று பார்த்துத்தான் பிறந்தாயா? உட்கார்."

என் மகனும் அந்த வகுப்பில் உட்கார்ந்தவன்தான். எழில்வேந்தன். நான் உட்கார வைத்தேன். நன்றாகத்தான் எழுதினான். முடித்ததும் புனேவுக்குப் போய்விட்டான். பைத்தானில் என்னவோ செய்கிறான். என்ன செய்கிறான் என்று கேட்டதில்லை. பைத்தானில் செய்வது எதுவாக இருந்தால் என்ன.

இந்தக் கோகிலவாணி அவனுக்கு அடுத்த செட். மூக்கு நுனியில் கேள்வி வைத்திருப்பாள். செய்முறைத் தேர்வு. எக்ஸ்டர்னல், அதாவது வெளித் தேர்வாளர், சேலத்திலிருந்து வந்திருந்தார். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எக்ஸ்டர்னலுக்குப் பதினொரு மணிக்கு இளநீர், ஒரு மணிக்குப் பிரியாணி, நான்கு மணிக்குப் போளி. இடையில் நேரம் கிடைத்தால் மாணவர்களைப் பார்ப்பார். பார்க்காமலே மதிப்பெண் போடுகிறவர்கள்தான் அதிகம். இந்த மனுஷன் கெட்ட நேரத்துக்குப் பார்த்துவிட்டார்.

உறவுமுறை புரோகிராம். இவருக்கு இவர் சித்தப்பாவா என்று கேட்டால் ஆம், இல்லை என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். எக்ஸ்டர்னல் விளையாட்டாகத் தன் பெயரைத் தட்டிக் கேட்டார். நான் இந்தப் பெண்ணுக்குச் சித்தப்பாவா? இல்லை என்று வர வேண்டும். திரையில் வருகிறது: 'தெரியாது. இவரைப் பற்றி யாரும் சொல்லவில்லை.'

அவர் சிரித்துக்கொண்டே, "பரவாயில்லையேம்மா, புத்திசாலி புரோகிராம்" என்றார்.

நான் கேட்டேன். "இது எங்கிருந்து வந்தது?"

"நான் சேர்த்தேனுங்க சார்."

"புத்தகத்தில் இருக்கிறதா?"

"இல்லைங்க சார். ஆனா இவரைப் பத்தி நமக்கு ஒண்ணுமே தெரியாதுங்களே. தெரியாதவரை எப்படிங்க சார் இல்லைன்னு சொல்றது?"

"மொழி அப்படித்தான் சொல்லும். மொழியைவிட நீ பெரியவளா?"

"மொழிக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியுதுங்களே சார்."

எக்ஸ்டர்னல் போளி வாயோடு சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அரியர் போட்டேன். அடுத்த பருவத்தில் நான் சொன்னபடி எழுதினாள், பாஸ் ஆனாள். இடையில் ஏதோ பெரிய கம்பெனி வந்ததாம், அரியர் இருந்தால் சேர்க்க மாட்டானாம், வேலை போயிற்றாம். அவள் அப்பா விசைத்தறி ஓட்டுகிறவர், கல்லூரி வாசலில் வந்து நின்றார். நான் பார்க்கவில்லை. பார்த்து என்ன சொல்வது?

இப்போது பாருங்கள். அந்தக் கம்பெனியில் சேர்ந்திருந்தால் பெங்களூரில் ஏதாவது மூலையில் உட்கார்ந்து கண்ணைக் கெடுத்துக்கொண்டிருப்பாள். இன்றைக்கு ஈரோட்டில் ஆபீஸ், கண்ணாடி அறை, மஞ்சள் பட்டு. ஒரு கணக்கில் இந்த ஆபீஸே நான் வைத்துக் கொடுத்ததுதான். நன்றி வேண்டாம். பழி வாங்காமல் இருக்கலாம்.

இன்னும் இருக்கிறது. இதற்கே உச்சுக் கொட்டாதீர்கள்.

நான் ஓய்வு பெறுகிற வருஷம். பாடத்திட்டக் குழு கூடுகிறது. புதிதாக ஒரு விதி கொண்டுவந்தார்கள். எந்தப் பாடமும் தொடர வேண்டுமானால், அதை உபயோகிக்கிற தொழிலிலிருந்து ஒருவர் நேரில் வந்து சொல்ல வேண்டும். எங்களுக்கு இது வேண்டும், படித்தவர்களுக்கு வேலை தருவோம் என்று. பைத்தானுக்கு ஆறு பேர் டை கட்டிக்கொண்டு வந்தார்கள். புரோலாக்குக்கு? நான் யாரிடமும் போய்க் கெஞ்சவில்லை. சூரியன் வேண்டும் என்று யாராவது கையெழுத்துப் போடுகிறார்களா?

நான் போனபிறகும் அந்தப் பாடம் நிலைக்க வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு. பிரிவுபசார விழா வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மோதிரம் வேண்டாம். பாடம் இருந்தால் போதும்.

துறைத் தலைவர் சம்பத்குமார். என்னைவிடப் பதினைந்து வயது இளையவன், பயந்தாங்கொள்ளி, ஆனால் கெட்டவன் இல்லை. அவன் எங்கேயோ விசாரித்து ஓர் ஆளைப் பிடித்துவிட்டான். "சார், கவலையை விடுங்க. நம்ம மாவட்டத்துலயே ஒருத்தங்க புரோலாக்லதான் தொழில் பண்றாங்க" என்றான். யார் என்று கேட்டேன். நேரில் பாருங்கள் என்று இளித்தான்.

வந்தது இவள்.

இருபதாம் நூற்றாண்டின் தர்க்கமெல்லாம் திரண்டு செய்த மொழி. அதற்குச் சாட்சி சொல்ல வந்தது கல்யாணத் தரகு. நட்சத்திரப் பொருத்தம், குலதெய்வம், மாமன் மகள், அத்தை மகன். நான் அங்கேயே எழுந்து போயிருக்க வேண்டும். போண்டா வைத்துவிட்டார்கள், உட்கார்ந்தேன்.

அவள் நன்றாகத்தான் பேசினாள். அதைச் சொல்லிவிடுகிறேன். "முறை பார்க்கிறது முழுக்க விதிதானுங்க. ஒரே குலசாமி கும்பிடுறவங்க பங்காளிங்க, கட்டிக்கக் கூடாது. அதைப் பைத்தான்ல எழுதிப் பார்த்தேன், எட்டாயிரம் வரி வந்தும் தப்பு வந்துச்சு. புரோலாக்ல இருநூறு வரிங்க. வருஷத்துக்கு நாலு பேருக்கு வேலை தர்றேன். பசங்களைக் குடுங்க" என்றாள். பிரின்சிபால் நாச்சிமுத்து தலையை ஆட்டினார். பைத்தான் டைக்காரர்கள்கூட ஆட்டினார்கள். முடிந்தது, பாடம் தப்பித்துவிட்டது என்று சம்பத்குமார் என் தொடையைத் தட்டினான்.

அதோடு அவள் வாயை மூடியிருக்கலாம். "இதுல நான் ஒரு மாத்தம் செஞ்சிருக்கேனுங்க. ஆம், இல்லைங்கிறதோட தெரியாதுன்னு மூணாவது ஒண்ணு" என்றாள். என்னைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

விடலாமா? நீங்கள் விடுவீர்கள். நான் விடவில்லை. எழுந்தேன். அது மொழிக்குச் செய்த துரோகம் என்றேன். சுத்தமாக எழுதினால் எந்த மூன்றாவதும் வேண்டாம், இங்கேயே நிரூபிக்கிறேன் என்றேன். என் மடிக்கணினியில் என் புரோகிராம் தயாராக இருந்தது. குழுவில் இருந்தவர்களின் பெயர், ஊர், பிள்ளைகள் எல்லாவற்றையும் கொடுத்தேன். அவளுடையதிலும் அதையே கொடுத்தார்கள். கேள்வி ஒன்றுதான். பிரின்சிபால் பையனுக்குச் சம்பத்குமார் பெண்ணைக் கொடுக்கலாமா?

என்னுடையது யோசிக்கவே இல்லை. பங்காளியா? இல்லை. தடை இருக்கிறதா? இல்லை. கொடுக்கலாம். சுத்தம். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி.

அவளுடையது முனகியது. 'தெரியாது. இரண்டு வீட்டாரின் குலதெய்வம் கேட்கவும்.'

"பாருங்கள், எது புரோகிராம், எது புலம்பல்?" என்றேன். டைக்காரர்கள் கை தட்டினார்கள். அந்த மட்டும் சரியாகப் போய்க்கொண்டிருந்தது.

இந்தப் பிரின்சிபால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கலாம் அல்லவா? கையில் போண்டாவோடு திரும்பி, "கேக்கத்தான் சொல்லுதே, கேட்டுப் பார்ப்போம். சம்பத்து, உங்க குலசாமி எதுங்க?" என்றார்.

"எங்களுக்குப் புளியம்பாறை கருப்பணசாமிங்க ஐயா."

"அட! வேப்பமரத்தடியில, குதிரை ஒரு கால் உடைஞ்சிருக்குமே?"

"அதேதானுங்க."

"எங்களுக்கும் அதானப்பா! பத்து வருஷமா என்கிட்ட லீவு கேட்டு நிக்கிறியே, நீ எனக்குத் தம்பி முறைடா!"

அவ்வளவுதான். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். மாசி மாசப் பொங்கலுக்குச் சேர்ந்து போவதாகப் பேச்சு. டைக்காரன் ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சார், உங்க புரோகிராம் அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் கல்யாணம் பண்ணி வச்சிருச்சுங்க" என்றான். அறை முழுக்கச் சிரிப்பு. டீ கொண்டு வந்தவன்கூட நின்று சிரித்துவிட்டுப் போனான்.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து எதையோ பையில் தேடிக்கொண்டிருந்தாள். எனக்கு அதுதான் ஆத்திரம். சிரித்திருந்தால் பொறுத்திருப்பேன்.

என் பக்கம் ஒரு தப்பும் இல்லை. கொடுத்த தகவலுக்குச் சரியான பதில். சாமி பெயரைக் கொடுக்காதது அவர்கள் தப்பு. இதை எத்தனை தடவை சொன்னேன்! யார் காதில் விழுந்தது?

பிரின்சிபால் தாராளமாக இருந்தார், புதுத் தம்பி கிடைத்த மகிழ்ச்சி. "புரோலாக் இருக்கட்டும். இந்தப் பொண்ணே வந்து அந்த மூணாவது பதிலையும் சேர்த்து நடத்தட்டும். பசங்களுக்கு வேலையும் கிடைக்கும். என்ன சொல்றீங்க சார்?" என்று என்னைப் பார்த்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சம்பத்குமார் கண்ணாலேயே கும்பிட்டான். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"அதைச் சேர்ப்பதானால் பாடமே வேண்டாம். தூக்குங்கள்" என்றேன்.

தூக்கினார்கள். டீ ஆறுவதற்குள் தூக்கிவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது என்னவோ ஒரு பைத்தான் இருக்கிறது.

இவள் வராந்தாவில் பின்னாலேயே ஓடி வந்தாள். "சார், சார், நில்லுங்க சார். நாலு பசங்க சார் வருஷத்துக்கு. இனி நான் எங்க போயித் தேடுவேன்? உங்க பாடத்தைக் காப்பாத்தத்தானுங்க சார் வந்தேன்."

"என் பாடத்தையா? உன் பாடத்தையா?" என்றேன். நடந்துவிட்டேன்.

அந்தக் கோபம்தான் இவளுக்கு. அரியர் ஒன்று, இது ஒன்று. இப்போது மகனுக்கு வரன் பதிய வந்தால் விடுவாளா? பிடித்து வைத்திருக்கிறாள்.

எப்படியா? சொல்கிறேன். பெயர் கொடுத்தாயிற்று. ராசி, நட்சத்திரம், குலதெய்வம், மாமன் வீடு எல்லாம் கொடுத்தாயிற்று. கடைசியில் ஒரு கேள்வி. 'பையன் மனதில் ஏற்கெனவே யாராவது இருக்கிறார்களா? உண்டு, இல்லை, தெரியாது.' நான் இல்லை என்றேன். கவுண்டர் பெண் தட்டினாள். அந்தப் பெண் யார் தெரியுமா? பி.ஏ. தமிழ். கல்லூரியிலிருந்து ஆள் கிடைக்காததால் இதுகளுக்கெல்லாம் கோகிலவாணியே புரோலாக் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். கலிகாலம். தட்டியதும் திரை கேட்கிறது: 'இல்லை என்று சொன்னது யார்? பையனா?'

"பையன்கிட்டக் கேட்டீங்களாங்க ஐயா?" என்கிறது அந்தத் தமிழ்.

"கேட்க என்ன இருக்கிறது? அப்படி ஒன்று இருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியாது. ஆகவே இல்லை."

"அப்பத் தெரியாதுன்னு போட்டுக்கலாங்களா?"

"இல்லை என்று போடு."

"கேட்டாத்தானுங்க இல்லைன்னு போட முடியும். தெரியாதுன்னாலும் கேட்டுட்டு வரச் சொல்லித்தானுங்க நிறுத்தும்."

இதற்குப் பெயர் பழிவாங்கல் இல்லாமல் என்ன? எனக்காகவே எழுதி வைத்த கேள்வி.

என்ன? எல்லாரையும் கேட்கிறார்களா? உங்களையும் கேட்டார்களா? போன வாரமேவா? ம்.

சரி, நீங்கள் என்ன செய்தீர்கள்? பெண்ணைக் கேட்காமலே, கேட்டேன் என்று சொல்லிவிட்டீர்களா! அதைச் சிரித்துக்கொண்டு வேறு சொல்கிறீர்கள். என்னையும் அப்படிச் சொல்லச் சொல்கிறீர்களா?

அது மட்டும் நடக்காது. நான் வாழ்நாளெல்லாம் ஒன்றுதான் சொல்லிக்கொடுத்தேன். விதி தப்பானால் திருத்திக்கொள்ளலாம். பொய்யான உண்மையை உள்ளே விட்டால் எல்லாம் போயிற்று, அதன் மேல் கட்டுகிற ஒவ்வொரு பதிலும் நாறும். கேட்காமல் கேட்டேன் என்று அந்த மெஷினில் நான் போட மாட்டேன். யாருடைய மெஷினாக இருந்தாலும். இரண்டு தடவை எழுந்து போனது அதனால்தான்.

கேட்டுவிட வேண்டியதுதானே என்கிறீர்கள். லேசாகச் சொல்லிவிட்டீர்கள். அவன் அம்மாவிடம்தான் பேசுவான். என்னிடம் பேசி நாளாயிற்று. சண்டையா? சண்டையெல்லாம் இல்லை. கடைசியாக ஒரு தீபாவளிக்குப் பேசினான். "அப்பா, உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்" என்றான். வேலை மாறப்போகிறானாக்கும் என்று, "வேண்டாம், இருக்கிற இடத்திலேயே இரு" என்றேன். பிறகு, "சரிப்பா. ஒண்ணுமில்ல" என்றான். அவனே சொன்னான், ஒன்றுமில்லை என்று. அப்புறம் என்ன இருக்கும்? ஒன்றுமில்லை என்றால் இல்லைதானே?

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

வேலை மாறவில்லை. அதே கம்பெனிதான் இன்னும். அவன் அம்மா சொன்னாள்.

அப்படியென்றால் என்ன சொல்ல வந்தான்?

இருங்கள். என் கண்ணாடி எங்கே. இந்தச் சனியன் பிடித்த போனில் எழுத்தெல்லாம் கடுகு மாதிரி. 'எ' எங்கே இருக்கிறது? படியுங்கள். எழில். ஆமாம், அதுதான். அமுக்குங்கள், என் விரலுக்கு அது கேட்காது. மணி ஒன்றரை, சாப்பாட்டு நேரம், எடுக்க மாட்டான். எடுக்காவிட்டால் இல்லை என்றுதான் அர்த்தம். இந்த ஒரு ஆபீஸில்தான் அது செல்லாது.

எடுத்துவிட்டான்.

நான்தான். அப்பா. இல்லை, அம்மாவுக்கு ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறாள். எனக்கும் ஒன்றும் இல்லை. சும்மாதான். சாப்பிட்டாயா? சரி. ஒன்று கேட்க வேண்டும். அன்றைக்கு ஏதோ சொல்ல வந்தாயே. தீபாவளிக்கு. இல்லை, வேலையைப் பற்றி இல்லை. நான்தான் அப்படி... சரி விடு. என்னது அது? சொல்.

டோக்கன் கூப்பிடுகிறார்களா? யாருடையது, என்னுடையதா? அடுத்த ஆளைக் கூப்பிடச் சொல்லுங்கள், ஐயா. கத்தாதீர்கள். பையன் பேசிக்கொண்டிருக்கிறான்.